பெற்றோரை அழைக்கக் குலுக்கல் வேண்டாம், வரிசை வேண்டும்

பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் நிரந்தர வதிவிடத்துக்கு அழைக்க விரும்புவோரிடம் கனடா அரசு 2020 ஒக்டோபர் 13 முதல் மூன்று வாரங்கள் விருப்பப் படிவம் வாங்கியது. அந்தப் பெயர்களை வைத்தே 2025 வரை குலுக்கல் நடந்தது. 2021இல் இங்கு வதிவிட உரிமை பெற்றவர் எவ்வளவு உழைத்திருந்தாலும், வரியைச் சரியாகக் கட்டியிருந்தாலும், இந்த ஆண்டுகளில் தாயை ஸ்பொன்சர் செய்ய அவருக்கு வழியே இருக்கவில்லை. இது அநீதி.

2011 நவம்பரில் ஒரு இலட்சத்து 65 ஆயிரம் பேருக்கு மேல் தேங்கி நின்றதால் அரசு விண்ணப்பங்களை நிறுத்தியது. 2014இல் மீண்டும் திறந்தபோது ஏற்றவை 5,000 மட்டுமே. 2019 ஜனவரியில் முந்தி வருவோருக்கே என்றார்கள். இணையப் படிவம் சில நிமிடங்களில் மூடிக்கொண்டது. தட்டச்சு வேகம் தீர்மானித்ததை 2020 பட்டியலில் அதிர்ஷ்டம் தீர்மானித்தது.

முதியோர் வந்தால் மருத்துவத் துறைக்குச் சுமை என்கிறார்கள். அந்தச் சுமை உண்மைதான், மறுக்கமாட்டோம். ஆனால் கியூபெக்குக்கு வெளியே ஸ்பொன்சர் செய்பவர் குறைந்தபட்ச வருமானத்தைவிட 30 சதவீதம் கூடுதலாக மூன்று ஆண்டுகள் உழைத்ததைக் காட்ட வேண்டும். 20 ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும். பெற்றோர் அரச உதவிப் பணம் எடுத்தால் பிள்ளைதான் திருப்பிக் கட்ட வேண்டும். முதியோர் ஓய்வூதியத்துக்கும் பத்தாண்டு வதிவு தேவை. முதியோரின் செலவை மட்டும் பார்க்கும் கணக்கில், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பேரப்பிள்ளைகளை அம்மம்மா பார்த்துக்கொள்வதால் இரவு வேலைக்குப் போக முடிகிற தாய்மாரின் உழைப்பு எங்கே சேர்கிறது?

சூப்பர் விசா இருக்கிறதே என்பது அடுத்த பதில். 2022 முதல் ஒரு வருகையில் ஐந்தாண்டுகள் தங்கலாம். அது நல்ல மாற்றம். எனினும் வந்தவர் விருந்தாளிதான். குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி வேண்டும். வயது ஏற ஏற, நோய் கூடக் கூட அதன் கட்டணமும் ஏறும். யாழ்ப்பாணத்தில் தனித்துப்போன தாய்க்கு நிலையான வீடு தர இந்த விசாவால் முடியாது.

ஆண்டுக்கு எத்தனை பேர் என்பதை அரசு முடிவு செய்யட்டும். 2024இல் 32,000 ஆக இருந்த இலக்கை 2025இல் 24,500 ஆகக் குறைத்ததும் அதன் அதிகாரம். ஆனால் யார் முதலில் என்பதைப் பதிவு செய்த தேதி சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 21 வயது நிறைந்த குடிமகனின் பெற்றோருக்கு ஆண்டு வரம்பே கிடையாது. நாம் அவ்வளவு கேட்கவில்லை. தன் இடம் எத்தனையாவது என்று தெரிந்தால் ஒரு குடும்பம் காத்திருக்கலாமா, வேறு ஏற்பாடு செய்யலாமா என்று முடிவெடுக்கும். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தத் தெளிவு அவசரம்.

2020 பட்டியலில் மீதமுள்ளவர்களை முன்னால் நிறுத்தி, அவர்களுக்குப் பின்னால் ஒரு நிரந்தரப் பதிவேட்டைக் குடிவரவு அமைச்சு திறக்க வேண்டும். வாசகர்களே, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.