வாரத்துக்கு வந்த நாய்

கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் 1923இல் பிறந்த இடைசெவலில், எம் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருபது நாள்களாக ஒரு ஸ்பானியல் குடியிருக்கிறது. ஒரு வயதுகூட நிரம்பவில்லை. வளர்த்தவர்கள் நெடுஞ்சாலையோரம் விட்டுச் சென்றனர். தத்தெடுப்போர் அமையும்வரை பராமரிப்பு எம்முடையது.

"போகப்போகிற நாய்க்கு இத்தனை பாடா?" என்கின்றனர் அண்டைவீட்டார். கரிசலில் ஆட்டையும் கன்றையும் வாரத்துக்கு வாங்கி வளர்ப்பது புதிதன்று. பிறர் உடைமை என்பதற்காகத் தீவனத்தில் குறைவைப்பது இழுக்கு. (அதில் ஈற்றில் பங்குண்டு, இதில் இல்லை என்பது உண்மைதான்.)

அதிகத் தொலைவில்லாத சிப்பிப்பாறையின் பெயர் தாங்கிய வேட்டைநாய்க்குக் குட்டை மயிர், ஒடுங்கிய உடல், இவ்வெயிலுக்கு ஏற்றது. ஸ்பானியலுக்கோ தொங்கும் காது. உள்ளே ஈரம் தங்கினால் சீழ்பிடிக்கும். அடர்ந்த மயிரில் ஒட்டுப்புல்லும் நெருஞ்சியும் சிக்கும். மாலைதோறும் காதைத் துடைத்து முள் களைகிறோம். முதல் ஐந்து நாள் தொடவேயில்லை. சோற்றுத்தட்டை வைத்துவிட்டு விலகினோம். ஆறாம் நாள் தானாக வந்து கையை முகர்ந்தது. லாரிச் சத்தம் கேட்டால் இன்றும் கட்டிலுக்கடியில்தான்.

புகைப்படம் பார்த்து 'இன்றே தாருங்கள்' என்ற இருவருக்கு மறுத்துவிட்டோம். அச்சம் தீராமல் கைமாறும் நாய் மறுபடி தெருவுக்கு வரக்கூடும். எதற்கு அஞ்சும், எதை உண்ணும், எவ்வளவு நேரம் தனித்திருக்கும் என்று அறிந்து சொல்வதே இடைப்பட்ட வீட்டின் வேலை. காது துடைக்கத் தெரியுமா என்றுதான் கேட்போரிடம் முதலில் வினவுகிறோம். பெயர் வைக்கவில்லை, அது கொண்டுபோகிறவர் உரிமை. இப்போதைக்கு 'ஏலே' என்றால் திரும்பிப் பார்க்கிறது.