இரட்டைத் தலைப் பிள்ளை

நிலக்கோட்டைச் சந்தைக்கு ஐந்து கால் மாடு வந்தால் நாம் கும்பிட்டுச் சில்லறை போடுவோம். அந்த உபரிக் கால், சில சமயம், கூடப் பிறந்திருக்க வேண்டிய கன்றின் மிச்சமே. மனிதரிலும் இது உண்டு.

1783-ல் வங்காளத்தில் ஒரு சிசு தலைமேல் தலையாகப் பிறந்தது. மருத்துவச்சி பேயென்று நடுங்கி நெருப்பில் எறிந்தாள். கண்ணும் காதும் வெந்தும் பிள்ளை பிழைத்தான். ஏழைப் பெற்றோர் கல்கத்தாவில் அவனைக் காட்டிக் காசு வாங்கினர். காசு தராதவர் பார்த்துவிடாதபடி மணிக்கணக்காகத் துணியால் மூடி வைத்தனராம். பாவம், அவனுக்கு மூச்சு முட்டாதா?

பேயுமன்று, பூர்வ ஜன்ம பாபமுமன்று. இரட்டைக் கருவில் ஒன்று உடல் வளராமல், மற்றதன் தலையோடு ஒட்டி, அதன் இரத்தத்திலேயே உயிர் தரித்தது. பிள்ளை உறங்குகையிலும் மேல்தலையின் கண்கள் அசையும். இரண்டுக்கும் மூளை தனித்தனி.

நாலு வயதில் அவனைக் கொன்றது அந்தத் தலையன்று, நாகப்பாம்பு! உடலுக்கு விலை பேசினார்கள். பெற்றோர் மறுத்துப் புதைத்தனர். கும்பினியின் உப்பு ஏஜெண்டு ஒருவர் குழியைத் தோண்டி எடுத்துக்கொண்டார். மருத்துவச்சியை மூடம் என்கிறோம். படித்த இந்தத் துரையை என்னவென்று சொல்வது?

1790-ல் எவரார்டு ஹோம் என்னும் ரண வைத்தியர் லண்டன் ராயல் சொஸைட்டிக்கு இதை விவரித்தார். மண்டையோடு அந்நகரின் ஹண்டர் மியூஸியத்தில் சேர்ந்தது.