திறவாத பின் கதவு

நம்மவர் இல்லங்களில் ஒரு விந்தையான வழக்கம் உண்டு. காரின் பின் கதவு ஒன்று திறக்க மறுத்துவிட்டால், கதவைத் திருத்துவதற்குப் பதிலாக வீட்டார் தம்மைத் திருத்திக்கொள்வார்கள். “அந்தக் கதவு திறவாது, இந்தப் பக்கத்தால் ஏறுங்கோ” என்பதே விருந்தினருக்குச் சொல்லப்படும் முதல் உபசார வார்த்தையாகிவிடும். பிள்ளைகள் இருக்கையின்மீது தவழ்ந்து மறுபுறம் செல்வர். சில மாதங்கள் சென்றபின் அஃதொரு குறையென்பதே எவருக்கும் நினைவிராது.

இவ்வழக்கத்தை நாம் ஒப்புவதற்கில்லை. இலங்கையில் வாகனங்கள் வீதியின் இடப்புறமாகச் செல்வன. பின்பக்கத்து இடக் கதவு இறுகிவிட்டதாயின், பின்னே இருப்பவர் வலக் கதவால், அஃதாவது பஸ்ஸும் லொறியும் விரையும் பக்கமாக, இறங்கவேண்டியவராகிறார். முழங்கால் நோவுள்ள பாட்டியார் ஒருவர் மாலை வேளையில் காலி வீதியில் அவ்வாறு இறங்குவதை எண்ணிப்பாருங்கள். விபத்தொன்றில் வலக் கதவும் நசுங்கிவிட்டால் நேரக்கூடியதை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை.

2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025இலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆதலின் பழைய வண்டிகளையே பேணி ஓட்டப் பலர் பழகிவிட்டனர். 1990களின் ரொயோட்டா கொரோலாவும் நிசான் சனியும் இன்னும் நம் வீதிகளில் ஓடுகின்றன. சாரதியின் கதவைப் பூட்டியதும் மற்றக் கதவுகளும் தாமே பூட்டிக்கொள்ளும் ‘சென்ட்ரல் லொக்’ அமைப்பு இத்தகைய வண்டிகளில் மூப்படைந்து வருகின்றது. ஒவ்வொரு கதவினுள்ளும் சிறு மின் மோட்டார் ஒன்று பல்சக்கரங்களின் உதவியுடன் ஒரு கம்பியைத் தள்ளியும் இழுத்தும் பூட்டை இயக்குகின்றது. இதில் மாயம் யாதுமில்லை. (1976 முதல் 1985 வரை செய்யப்பட்ட மெர்சிடிஸ் வண்டிகளின் ஒரு வகையில் இவ்வேலையை மின்சாரமன்று, எஞ்சினின் உறிஞ்சு விசையே குழாய் வழியாகச் செய்தது. அதனை வைத்திருப்போர் மோட்டாரைத் தேடாது குழாயில் ஓட்டையைத் தேடுக.)

முதலில் ஒன்றை நிச்சயித்துக்கொள்ளல் வேண்டும். கதவு வெளியிலிருந்து திறந்து, உள்ளிருந்து மாத்திரம் திறவாதாயின், பெரும்பாலும் அது பழுதன்று. குழந்தைகளுக்கான காப்புப் பூட்டு விழுந்திருக்கின்றது. கதவின் ஓரத்தில், பூட்டின் அருகே உள்ள சிறு நெம்பை மாற்றினாற் போதும். இதற்காகக் கராஜுக்குச் சென்று காசு கொடுத்தோரும் உளர்.

இரு பக்கமும் திறவாதாயின், செவியே முதற் கருவி. ஒருவர் உள்ளே அமர்ந்து அக்கதவில் காது வைக்க, மற்றவர் சாரதியின் கதவிலுள்ள விசையை அமுக்கட்டும். எல்லாக் கதவுகளும் மௌனமாயின் பியூஸைப் பார்க்க. ஒரு கதவு மாத்திரம் மௌனமாயின், மோட்டார் எரிந்திருக்கலாம். அல்லது கதவுக்கும் உடலுக்கும் இடையே இறப்பர் உறைக்குள் செல்லும் வயர், பல்லாண்டு மடங்கி நிமிர்ந்ததால் அறுந்திருக்கலாம். அதே கதவின் மின் கண்ணாடியும் இறங்காதாயின் வயர்மீதே ஐயம் வலுக்கும். மோட்டார் ஓடும் சத்தம் நன்கு கேட்டும் பூட்டுக் குமிழ் அசையாதாயின், பல்சக்கரம் தேய்ந்துவிட்டது, அல்லது கம்பி கழன்றுவிட்டது. ‘டிக்’ என்ற மெல்லிய ஒலி மாத்திரம் எழுமாயின் மோட்டார் முயல்கின்றது, பூட்டோ இறுகிக் கிடக்கின்றது என்று கொள்க. நம் அனுபவத்தில் இக்கடைசி வகையே அதிகம்.

அத்தகைய கதவை உடைக்கவோ வெட்டவோ முற்படுமுன் பொறுமையாகச் சில முயற்சிகள் செய்க. எஞ்சினை ஓடவிடுக, ஓய்ந்திருக்கையில் ஏறக்குறைய 12.6 வோல்ற் தரும் பற்றறி அப்போது 14 வோல்ற் அளவில் மின் தரும், தளர்ந்த மோட்டாருக்கு அதுவே ஊட்டம். பின்னர் ஒருவர் விசையை விட்டுவிட்டு அமுக்க, இன்னொருவர் வெளிக் கைபிடியை இழுத்தபடியே இடுப்பினால் கதவை உள்நோக்கித் தள்ளட்டும். தள்ளுவது எதற்கெனில், கதவின் இறப்பர் விளிம்பு வெளிநோக்கி உந்துவதால் பூட்டின் கவ்வி மறுபக்கத்து வளையத்தில் இறுகப் பற்றி நிற்கும், அப்பிடியைத் தளர்த்துவதற்கே. இடையிடையே பூட்டுள்ள இடத்தில் உள்ளங்கையால் நன்றாகத் தட்டுக. இருபது முப்பது முறை முயன்றபின் திறந்த கதவுகளை நாம் கண்டிருக்கிறோம்.

அதற்கும் இணங்காதாயின் உட்பலகையைக் கழற்றவேண்டும். மூடிய கதவில் இதுதான் சங்கடமான பகுதி. பின் இருக்கையின் அடிமெத்தையை முதலில் அகற்றினால் கை நுழைய இடம் கிடைக்கும். திருகாணிகள் கைபிடிக் குழிக்குள்ளும் சிறு மூடிகளுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். அவை எல்லாவற்றையும் கண்டெடுக்குமுன் பலகையை இழுப்பவர் பலகையையே உடைப்பார். ஓரங்களைத் துணி சுற்றிய தட்டையான கருவியால் மெல்ல நெம்புக. உள்ளே ஒட்டியிருக்கும் பொலித்தீன் தாளை எறிந்துவிடாதீர்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுவே. கதவிலோ இருக்கையிலோ காற்றுப்பை உள்ள வண்டியாயின், இவ்வேலையை நன்கறிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுதலே முறை.

மோட்டாரிலிருந்து கம்பியைக் கழற்றிப் பூட்டைக் கையால் அசைத்துப் பார்க்க. இலகுவாக அசைந்து கதவு திறந்தால் குற்றம் மோட்டாருடையது. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய வண்டிகளின் உதிரிப்பாகங்கள் கிடைக்கும். கழற்றிய மோட்டாரைக் கையோடு கொண்டு செல்க. இடம் வேறு, வலம் வேறு, முன் வேறு, பின் வேறு. பிற்காலத்தில் வெளியே வாங்கிப் பூட்டிய தொகுதியாயின், பொதுவாகச் சாரதி கதவின் மோட்டாருக்கு ஐந்து வயர்களும் மற்றவற்றுக்கு இரண்டும் இருக்கும். இதனைக் கவனியாது வாங்கினால் மறுபடியும் பஸ் ஏறவேண்டும்.

கையாலும் அசைய மறுத்தால் குற்றம் பூட்டுடையது. பழைய கிறீஸ் தூசியுடன் சேர்ந்து மெழுகுபோல் உறைந்திருக்கும். அதனைக் கரைக்கும் தெளிப்பானால் கழுவித் துடைத்து, புதிய வெள்ளை லித்தியம் கிறீஸைச் சிறிதளவு இடுக. வீட்டிலுள்ள தேங்காயெண்ணெயைக் கதவிலே காட்டும் பழக்கத்தை மாத்திரம் தயவுசெய்து கைவிடுங்கள். அன்று வழுக்கும், பின்பு பிசினாகித் தூசியைக் கூட்டும். நுவரெலியாவின் குளிரிலோ அது உறைந்தேவிடும்.

இனி மிக முக்கியமானதொன்று. திருத்திய மகிழ்ச்சியில் கதவை ஓங்கிச் சாத்தி, மறுபடியும் உள்ளே அகப்படுத்திக்கொள்வோர் பலர். கதவு திறந்திருக்கும்போதே, பூட்டின் கவ்வியைத் திருப்புளியால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவருக. பின் விசையால் பத்து முறையேனும் பூட்டித் திறந்து, ஒவ்வொரு முறையும் கைபிடியை இழுத்துக் கவ்வி விடுபடுகின்றதா என்று பார்க்க. உள்ளிருந்தும் அவ்வாறே. அதன்பின்னரே உட்பலகையை மாட்டுக, கதவைச் சாத்துக.

பலகையை மாட்டுமுன் கதவின் அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகளையும் பார்த்துவிடுங்கள். கண்ணாடி வழியே புகும் நீர் வடிவதற்காக அமைந்தவை அவை. சேறு அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தேங்கும், கதவும் பூட்டும் துருவேறும். ஓர் ஈர்க்கினால் குத்தி விட்டால் அடைப்பு நீங்கும். கடற்கரையை அண்டி வாழ்வோர் மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் இதனைச் செய்க.