சாதிப் பெயர்தானே என்பவர்களுக்கு

'அரசுப் பட்டியலில் உள்ள சாதிப் பெயரைத்தானே சொன்னான், அதில் என்ன வசவு?' என்கிறார்கள். ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே இந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. வாசலில் நிறுத்திய கார் அருகே நின்றவரை 'சமார்' என்று சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியதாகப் புகார். சொல்லின் வேரை அல்ல, இன்று மக்களிடம் அது புழங்கும் பொருளையே பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு.

தாசில்தார் தரும் சான்றிதழில் சாதிப் பெயர் உரிமைக்கு ஆதாரம். தெருச் சண்டையில், சொந்தப் பெயர் தெரிந்தும் ஒருவரைச் சாதி சொல்லிக் கூப்பிட்டால், 'உன் இடம் எதுவென்று தெரியாதா?' என்ற மிரட்டல் அது. கேட்பவருக்கு அது உடனே புரியும். சொன்னவருக்கும் புரிந்தே இருக்கிறது. 'முதலியாரே', 'கவுண்டரே' என்று மரியாதையோடு விளிக்கும் அதே வாய், பட்டியல் சாதியின் பெயருக்கு மட்டும் முன்னால் 'டேய்' போடுகிறதே, அது எந்த அரசுப் பட்டியலில் இருக்கிறது?