கைக்கடிகாரத்துக்குத் தலைவலி தெரியாது

தீபாவளி போனஸ் வரும் சமயம் என்பதால் ஒரு வாரமாக ஒரே கேள்வி. சிங்கப்பூர் நண்பரும் கேட்டார், பெங்களூரில் இருக்கும் சித்தி பையனும் கேட்டான். "மலையேறப் போகணும், ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கலாமா?"

அலிப்பூரில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று கேட்காதீர்கள் மக்களே. கொல்கத்தா தட்டையான ஊர்தான். மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜீரட் பாலம்தான் எனக்கு இமயமலை :-) மீதி ஏற்றத்துக்கு எங்கள் அபார்ட்மெண்ட் மாடிப்படி. இப்படிப் பயிற்சி எடுத்துத்தான் போன வருடம் சந்தக்பூ போனோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாக வாங்குங்கள். எங்கே இருக்கிறோம் என்று கேட்டால் அது சொல்வதை நம்பலாம். எப்படி இருக்கிறோம் என்று மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

இடம் சொல்வதில் கெட்டிக்காரன். 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. அது நீங்கிய பிறகுதான் இதெல்லாம் கைக்கு வந்தது. செல்போன் டவர் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். ஆனால் பெரும்பாலான கடிகாரங்கள் செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்க மட்டுமே செய்யும். நீங்கள் எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று யாருக்கும் சொல்லாது. ஆகவே எந்த வழியாகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

உயரம் சொல்வதில் கொஞ்சம் தடுமாறும். காற்றழுத்தத்தை வைத்துத்தான் பல கடிகாரங்கள் உயரத்தைக் கணக்கிடுகின்றன. அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் சுமார் 8 மீட்டர் ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வந்தால் நான் சோபாவில் படுத்தபடியே 40 மீட்டர் ஏறியிருப்பேன். மலையில் உயரம் எழுதிய பலகையைப் பார்த்தால் அங்கே சரிசெய்துகொள்ளுங்கள்.

வம்பு ஆரம்பிப்பது உடம்பைப் பற்றிச் சொல்லும்போதுதான். மே மாதக் கொல்கத்தாப் புழுக்கத்தில் அதே வேகத்தில் நடந்தாலும் பல்ஸ் எகிறும். உடம்பைக் குளிரவைக்க இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறதே. கடிகாரமோ "உன் திறன் குறைந்துவிட்டது" என்று மூஞ்சியைச் சுளிக்கும். நான் ரோஷப்பட்டு இன்னும் வேகமாக நடந்து, ஒரு நாள் தலைசுற்றி நடைபாதையில் உட்கார்ந்தேன். இன்னொன்று. 220இலிருந்து வயதைக் கழித்துத்தான் பல கடிகாரங்கள் அதிகபட்ச பல்ஸைத் தீர்மானிக்கின்றன. அது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். பிரஷருக்கு மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பல்ஸ் அவ்வளவாக ஏறாது, அந்தக் கணக்கு சுத்தமாகப் பொருந்தாது. நம் வீடுகளில் அப்பாவுக்கு ஆசையாக வாங்கிக் கொடுப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போது சந்தக்பூ கதை. 3,636 மீட்டர், மேற்கு வங்கத்திலேயே உயரமான இடம். நான், தங்கமணி, சென்னையிலிருந்து வந்த அவள் அண்ணன், ஒரு வழிகாட்டி. மச்சான் மாரத்தான் ஓடுகிறவர், கையில் என்னுடையதைவிட விலை கூடிய கடிகாரம். காளிபோக்ரி போய்ச் சேர்ந்ததும் தலைவலி என்றார். சூடாகத் தேநீர் வந்தது, ஒரு வாய் குடித்துவிட்டு வாந்தி எடுத்தார்.

"ஒண்ணுமில்ல மாப்ளே, இங்க பாருங்க, ஆக்சிஜன் 92, எல்லாம் பச்சைதான்" என்று மணிக்கட்டை நீட்டினார்.

எனக்கும் அதைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட்டது என்பதுதான் வெட்கக்கேடு. வழிகாட்டி கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மச்சானின் முகத்தைப் பார்த்தார், மிச்சமிருந்த தேநீரைப் பார்த்தார், "இறங்கலாம்" என்றார். உயரத்தில் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியாதவரை, அது மலைநோய்தான்; மேலே ஏறக் கூடாது. குளிரில் விறைத்த மணிக்கட்டில் எடுத்த ஆக்சிஜன் எண்ணை வைத்து அதை மறுக்கவும் கூடாது.

கைரிபாஸ் வரை சுமார் 6 கிலோமீட்டர் பனிமூட்டத்தில் இறங்கினோம். இன்னும் எவ்வளவு தூரம் என்று தங்கமணி பத்து தடவை கேட்டாள். பத்து தடவையும் என் கடிகாரம் பதில் சொன்னது. அந்த மூட்டத்தில் அது பெரிய ஆறுதல். ராத்திரி தலைவலி விட்டு மச்சான் இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டார். அவருடைய கடிகாரம் அன்றைய நாளை "பலனில்லாத பயிற்சி" என்று பதிந்து வைத்திருந்தது!

சந்தக்பூவை நாங்கள் பார்க்கவே இல்லை. மச்சானுக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு. எனக்கு இல்லை.

வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 3,000 மீட்டருக்கு மேலே போனால், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். கூட வருகிறவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால், அவர் கையைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள்.

அடுத்த அக்டோபரில் மறுபடி போகிறோம். அதுவரை ஜீரட் பாலம்தான் :-)