உசாத்துணைப் பகுதியைக் கலைக்கும் சுற்றறிக்கை: ஆய்வு மாணவர் சங்கத்தின் நிலைப்பாடு

சுற்றறிக்கை அறிவிப்பவை மூன்று. நம் பல்கலைக்கழக நூலகத்தின் ஆசிய வரலாற்று உசாத்துணைப் பகுதி பொது அடுக்குகளோடு சேர்க்கப்படும். அட்டைப் பட்டியலும் அச்சு அட்டவணைகளும் கழிக்கப்படும். ஓய்வுபெறும் உசாத்துணை நூலகரின் பணியிடம் நிரப்பப்படாது. முதலாவதைப் பேசித் தீர்க்கலாம் என்பது செயற்குழுவின் பெரும்பான்மைக் கருத்து. மற்ற இரண்டையும் சங்கம் ஏற்கவில்லை.

இடநெருக்கடி உண்மை. சிக்கனத்தின் தேவையையும் கொள்கை அளவில் ஒப்புக்கொள்கிறோம். எண்மமாக்கத்தை வரவேற்கிறோம்; சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் தமிழ் முரசின் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றியதால் பயன்பெற்றவர்கள் எங்களில் பலர்.

ஆனால், "தேவையான யாவும் இணையத்தில் உள்ளன" என்கிறது சுற்றறிக்கை. இதை எழுதியவர் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் படியேறியதுண்டா? 1920களின் அரசாணை ஒன்று வேண்டுமென்றால், எந்தத் துறை என்று முதலில் தெரியவேண்டும். அத்துறையின் அந்த ஆண்டு இண்டெக்ஸ் தொகுதியைப் புரட்டி எண்ணும் தேதியும் குறிக்கவேண்டும். மலேயாவுக்கும் இலங்கைக்கும் போன தோட்டத் தொழிலாளர் பற்றிய கோப்புகளோ காலந்தோறும் துறை மாறியவை. எந்த ஆண்டுக்கு எங்கே தேடுவது என்று புதிய மாணவர்களுக்கு இதுவரை சொல்லித்தந்தவர் அந்த உசாத்துணை நூலகர்தான்.

அட்டைகளின் கதையும் இதுவே. எந்தக் கட்டில் எந்தத் துண்டறிக்கை சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று பழைய நூலகர்கள் கையால் எழுதிய குறிப்புகள் கணினிப் பட்டியலில் ஏறவே இல்லை. அட்டை போனால் துண்டறிக்கை அடுக்கிலேயே இருக்கும். இருப்பது யாருக்கும் தெரியாது.

கழிவுப் பட்டியலில் 1865இல் மர்டாக் தொகுத்த தமிழ் அச்சு நூல் பட்டியல் இருக்கிறது. பார்னெட்டும் போப்பும் தொகுத்து 1909இல் வெளிவந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தமிழ் நூல் அட்டவணையும் இருக்கிறது. அந்த அருங்காட்சியக நூல்கள் இப்போது இருக்கும் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலால் முடங்கின. இணையப் பட்டியல் 2024 ஜனவரியில்தான் ஓரளவு மீண்டது. இடைப்பட்ட மாதங்களில் லண்டனில் என்ன தமிழ் நூல் இருக்கிறது என்று இங்கிருந்தே பார்க்க எங்களுக்கு உதவியது, இப்போது குப்பை என்று முத்திரை குத்தப்பட்டிருக்கும் அந்த அட்டவணைதான்.

1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், இந்தியாவுக்குத் தானியம் விற்ற ரூபாயில் இங்கே நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. அவர்கள் காசு கொடுத்து வாங்கி அடுக்கினார்கள். நாம் எடைக்குப் போட ஒப்பந்தப்புள்ளி கோருகிறோம்! இதைக் குறித்து முதல் வரைவில் இருந்த "துரோகம்" என்ற சொல்லை, சில உறுப்பினர்களின் வேண்டுகோளை ஏற்று நீக்கியிருக்கிறோம்.

எனவே சங்கம் கோருவன:

1. அட்டைகள் இருபுறமும் படமெடுக்கப்பட்டு, சரிபார்க்கப்படும்வரை ஒரு பெட்டியும் நகரக்கூடாது.

2. உசாத்துணை நூலகர் பணியிடம் நிரப்பப்படவேண்டும். இயலாதெனில், இடைக்கால ஏற்பாடாகப் பணி நீட்டிப்பைப் பரிசீலிக்கலாம்.

3. கழிவுப் பட்டியலை ஆசிரியரும் ஆய்வு மாணவரும் அடங்கிய குழு பார்வையிட்ட பிறகே ஒப்பந்தப்புள்ளி.



எழுத்துபூர்வமான பதில் வரும்வரை நூலக ஆலோசனைக் குழுவில் எங்கள் பிரதிநிதிகள் அமரமாட்டார்கள். பேச்சுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. லாரி வந்தால் வாசலில் நாங்களும் இருப்போம்.