கரகோஷமும் கல்லறையும்

1912-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 9-ஆம் தேதி, அமெரிக்காவில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கலாசாலையின் மைதானத்தில் ஒரு பந்தாட்டம் நடந்தது. ஒரு புறத்தில் நின்றவர்கள் வருங்காலச் சேனாதிபதிகள். மறுபுறத்தில் நின்றவர்கள் பென்ஸில்வேனியா மாகாணத்துக் கார்லைல் பள்ளியிலிருந்து வந்த ஆதிக்குடி வாலிபர்கள். செவ்விந்தியர் என்று நம் சரித்திரப் புஸ்தகங்கள் குறிப்பிட்டது இவர்களைத்தான்.

அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னால், 1890 டிசம்பரில், ஊண்டட் நீ என்னும் இடத்தில் அமெரிக்க ராணுவம் லக்கோடா மக்களைப் பெண்டு பிள்ளைகள் என்று பாராமல் சுட்டுக் கொன்றிருந்தது. அந்த நினைவு இரு தரப்பாருக்கும் இல்லாமல் இருந்திருக்குமா? அன்று பட்டாளத்தார் எடுத்த எண்ணிக்கை 6. கார்லைல் பிள்ளைகள் எடுத்தது 27.

இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் பற்றிக்கொண்டு ஓடி எதிரியின் எல்லைக்குள் புகும் ஆட்டம் அது. தொடக்க காலத்தில் அது மல்யுத்தத்துக்குச் சற்றும் இளைத்ததாக இல்லை. மேலே விழுந்து நசுக்கியதில் உயிரிழந்தோர் பலர். 1905-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கலாசாலைக்காரர்களை வரவழைத்து, ஆட்டத்தைச் சீர்திருத்தும்படி சொல்ல நேர்ந்தது. அடுத்த வருஷம் பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி வந்தது. சரீர பலத்தில் வெள்ளைக்கார மாணவர்களுக்குக் குறைந்த கார்லைல் பிள்ளைகள் இந்த விதியின் பயனைச் சட்டென்று கண்டுகொண்டார்கள். வேகமும் யுக்தியும் பாரத்தை வெல்லும் என்பதை 1907-இலேயே பென்ஸில்வேனியா சர்வகலாசாலையை 26-க்கு 6 என்று தோற்கடித்து நிரூபித்தார்கள். 1911-இல் ஹார்வர்டையும் 18-க்கு 15 என்று ஜயித்தார்கள்.

1912-ஆம் வருஷத்துப் பருவத்தில் அவர்கள் ஆடிய ஆட்டங்கள் 14. வென்றவை 12, ஒன்றில் தோல்வி, ஒன்று சமம். தலைவர் ஜிம் தார்ப், ஸாக் அண்டு பாக்ஸ் குலத்தவர். அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயங்களில் இரண்டு தங்கப் பதக்கங்களை வாங்கி வந்திருந்தார். வெஸ்ட் பாயிண்ட் மைதானத்தில் அவரைத் தடுத்து நிறுத்தப் பாடுபட்டவர்களில் ஐஸன்ஹோவர் என்ற மாணவரும் ஒருவர். பிற்காலத்தில் ஜனாதிபதியான அதே ஐஸன்ஹோவர்தான்.

ஊர் ஊராகச் சென்று ஆடிய இந்தப் பிள்ளைகளைக் காண ஜனங்கள் கூடினார்கள், கரகோஷம் செய்தார்கள், பத்திரிகைகள் புகழ்ந்தன. இவ்வளவையும் படித்துவிட்டு, "எத்தகைய உத்தமமான பள்ளி!" என்று நாம் சொல்லிவிடலாம். அவசரப்பட வேண்டாம்.

இந்தப் பள்ளியை 1879-இல், பழைய பட்டாளக் குடியிருப்பு ஒன்றில் நிறுவியவர் பிராட் என்ற ராணுவ அதிகாரி. ஆதிக்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பன்மாரிடமிருந்து வெகு தூரம் பிரித்துக் கொண்டுவந்து, அவர்களுடைய பழைய வாழ்வின் சுவடே இல்லாமல் துடைத்துவிடுவதுதான் அவர் கொண்ட நோக்கம். வந்தவுடன் பிள்ளைகளின் தலைமயிரைக் கத்தரித்தார்கள். தாய்மொழி பேசுவது குற்றமாயிற்று. லூதர் ஸ்டாண்டிங் பேர் என்பவர் அங்கே படித்த முதல் மாணவர்களில் ஒருவர். பெயரிட்ட விதத்தை அவர் பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். கரும்பலகையில் வெள்ளைக்காரப் பெயர்களை எழுதிவைத்து, குச்சியைக் கையில் கொடுத்து, ஒன்றைச் சுட்டச் சொன்னார்களாம். எழுத்தே அறியாத பிள்ளை எதைச் சுட்டிற்றோ, அதுவே அதற்குப் பெயர்!

வாழ்நாளில் பாதியைக் கரும்பலகையின் முன் கழித்துவிட்ட நமக்கு, இந்த வரலாற்றைப் படித்த அன்று கையிலிருந்த சாக்குக்கட்டி கனத்தது. ஒரு பிள்ளைக்கு அதுவரை இல்லாததை அளிப்பதற்காக அல்லவா பலகை ஏற்பட்டது? உள்ளதைப் பறிக்கவும் அதுவே கருவியாயிற்றே!

பெற்ற வெற்றிகளாவது அவர்களுக்குக் கைகொடுத்தனவா? 1913-இல், தார்ப் சில காலம் கூலி வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்ற காரணத்தைக் காட்டி, அவருடைய ஒலிம்பிக் பதக்கங்களைப் பறித்துவிட்டார்கள். 1914-இல் மாணவர்கள் கையொப்பமிட்டு அனுப்பிய முறையீட்டின் பேரில் அமெரிக்கக் காங்கிரஸ் பள்ளியில் விசாரணை நடத்திற்று. அந்த முறையீட்டில் முன்னின்றவர் கஸ் வெல்ச். வெஸ்ட் பாயிண்டில் வென்ற அதே கோஷ்டியின் ஆட்டக்காரர்! புகழ் பெற்ற பயிற்சியாளர் வார்னரின் கடுமையைப் பற்றியும் அவர் சாட்சி சொன்னார். மைதானத்தில் பட்டாளத்தாரை எதிர்த்து நின்றதற்குக் கைதட்டல் கிடைத்தது. ஆனால் சொந்தப் பள்ளியிலேயே நியாயம் கேட்டு நின்றாரே, நம் எண்ணத்தில் அந்தத் துணிவே பெரிது. 1918-இல் பள்ளி மூடப்பட்டது. அமெரிக்க மண்ணின் முதல் மக்களாகிய ஆதிக்குடிகள் அனைவருக்கும் அந்நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்ததோ 1924-இல்தான்.

கார்லைலில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வீடு திரும்பாமலே மாண்டுபோன பிள்ளைகளின் கல்லறைகள் 180-க்கு மேல் அங்கே இருந்தன. 2017 முதல் சில குடும்பத்தார் தங்கள் குழந்தைகளின் எலும்புகளைத் தோண்டி எடுத்துச் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோகிறார்கள். 2022-இல் தார்ப்பின் ஒலிம்பிக் வெற்றி முழுமையாக அவர் பெயருக்கே திரும்பிற்று. அவர் இறந்து 69 ஆண்டுகள் ஆகிவிட்டன.

எந்தப் பள்ளிக்குச் சென்றாலும், தலைமையாசிரியர் அறையில் வெற்றி பெற்ற கோஷ்டியின் படம் மாட்டியிருக்கக் காண்கிறோம். அது இருக்கவேண்டியதுதான், உழைத்த பிள்ளைகளுக்கு அந்த மரியாதை தகும். ஆனால் பள்ளியின் பெருமையை அளக்க அந்தப் படம் ஒன்றே போதாது. படத்தில் இடம் பெறாத பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்றும் கேட்கவேண்டும். 27-க்கு 6 என்ற கணக்கைச் சொல்லி மகிழ்கிற நாம், அந்தக் கல்லறைகளின் கணக்கையும் கூடவே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.